உங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறது? சிறுவர்களுக்கான முழு வழிகாட்டி

மேலே படிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, பழைய செய்தித்தாள் இரண்டைத் தரையில் விரியுங்கள். கையுறை மாட்டிக்கொண்டு, இன்றைய குப்பைத் தொட்டியை அதன்மேல் மெதுவாகக் கவிழுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். எல்லாமே நேற்றுவரை உங்கள் வீட்டுச் சமையலறையிலும் அலமாரியிலும் இருந்தவைதான்.

சென்ற மாதம் என் அண்ணன் மகளோடு சேர்ந்து நான் இதைச் செய்தேன். அவளுக்குப் பத்து வயது. வெங்காயத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, பில்டரிலிருந்து கொட்டிய காபித்தூள், மூன்று பால் பாக்கெட், ஒரு சிப்ஸ் பாக்கெட், சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய பேட்டரி, உடைந்த கண்ணாடி வளையல் எல்லாம் விழுந்தன. தராசில் வைத்தோம். மூன்று பேர் இருக்கும் வீட்டின் ஒரு நாள் குப்பை 1 கிலோ 600 கிராம். கடைசியாகச் சாம்பாரில் ஊறிய ஒரு தாளை அவள் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அவளே கிழித்துப் போட்ட கணக்கு நோட்டுத் தாள். "அத்தை, காலையில் இது நல்ல தாளாகத்தானே இருந்தது?" என்றாள்.

ஆமாம். காலையில் அது பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் தாள். அந்தச் சாம்பாரும் தனியாக இருந்திருந்தால் செடிக்கு உரமாகியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்ட பிறகு, தாளைக் கடைக்காரர் தொடமாட்டார், சாம்பாரைத் தாளிலிருந்து யாரும் பிரிக்கமாட்டார்கள். இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒரு குப்பை ஆயிற்று. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் ஆரம்பம்.

நான் சென்னையில் இருப்பதால் சென்னைக் குப்பையின் வழியே உங்களைக் கூட்டிப் போகிறேன். உங்கள் ஊர் மதுரையோ மன்னார்குடியோ என்றால் வண்டியும் நேரமும் மாறலாம். போகும் பாதை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதல் படி: கையிலிருந்து விடும் முன் பிரிப்பது

பள்ளிச் சுவரிலும் குப்பை வண்டியிலும் "மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இந்தப் பெயர்கள் அவ்வளவாகப் பிடிக்காது. காகிதம் மக்கும் பொருள்தானே? ஆனால் அது மக்காத குப்பைக்கான நீலத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். தேங்காய் ஓடும் மக்கும், ஆனால் அதற்குள் நீங்கள் கல்லூரிக்கே போய்விடுவீர்கள். அதனால் எங்கள் வீட்டில் வேறு கேள்வி வைத்திருக்கிறோம். பொருள் கையில் இருக்கும்போது "இது ஈரமா, உலர்ந்ததா?" என்று மட்டும் கேட்பது. சமையலிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் வருவது ஈரக் குப்பை, பச்சைத் தொட்டி. காகிதம், பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி, துணி எல்லாம் உலர் குப்பை, நீலத் தொட்டி. யாரையாவது காயப்படுத்தவோ நோய் தரவோ கூடியது மூன்றாவது வகை. அதற்கு மூடியுள்ள சிவப்பு டப்பா ஒன்று போதும், நிரம்ப மாதக்கணக்கில் ஆகும்.

தொட்டி வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பழைய வாளி இரண்டு, ஒரு பிஸ்கட் டப்பா. நிறம் தெரிய வண்ணக் காகிதம் ஒட்டினால் சரி.

குழப்பம் வருவது சில பொருள்களில்தான். முட்டை ஓடு, டீத்தூள், வாடிய பூ, மீன் முள் எல்லாம் ஈரம். எண்ணெய் ஊறிய பஜ்ஜிக் காகிதமும் கை துடைத்த மெல்லிய தாளும் காகிதம்போலத் தெரிந்தாலும் ஈரத்தில்தான் சேரும். அவற்றைத் திரும்பக் காகிதமாக்க முடியாது. ஹோட்டலிலிருந்து வந்த சாம்பார் டப்பா கழுவினால் உலர், கழுவாவிட்டால் எதிலும் சேராது. கழுவுவதற்குப் புதுத் தண்ணீர் வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரில் ஓர் அலசு அலசிக் கவிழ்த்து வைத்தாலே காய்ந்துவிடும்.

பால் பாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் அம்மாவோ அப்பாவோ பால் பாக்கெட் வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு மூலையைக் கத்தரித்ததும் முக்கோணமாக ஒரு சின்னத் துண்டு பறந்து விழும். பாக்கெட் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அந்தத் துண்டு எங்கே போகிறது? பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாயில், காய்கறித் தோலோடு, வாசல் சாக்கடையில். அவ்வளவு சிறியதை யாரும் குனிந்து பொறுக்கமாட்டார்கள். மூலையை முழுதாக வெட்டாமல், துண்டு பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டி மடக்கினால் போதும். இந்த வேலையை வீட்டில் நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். பெரியவர்கள் இதில் ரொம்ப மறதிக்காரர்கள்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளில் நான்கு மடிப்புச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போடுங்கள். நாப்கின், டயாபர் போன்றவற்றுக்கும் இதே முறைதான். ஒட்டுமொத்தமாகக் கறுப்புப் பையில் கட்டிக் கொடுத்தால், உள்ளே இருப்பது தெரியாமல் கையை விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் படி: வண்டி வருகிறது

விடிந்தும் விடியாத நேரத்தில் தூய்மைப் பணியாளர்கள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். சில ஊரில் விசில் ஊதுவார்கள், சில ஊரில் வண்டியே பாட்டுப் போடும். முன்பு மூன்று சக்கர மிதிவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இப்போது சென்னையின் பல தெருக்களில் பேட்டரி வண்டி. அதில் தொட்டிகள் தனித்தனியாக இருக்கும்.

வண்டி வரும்போது வாளியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். கையில் கொடுங்கள். கொடுக்கும்போது அந்த அக்காவிடமோ அண்ணனிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தெருவில் பிரிப்பதற்கு எது கஷ்டமாக இருக்கிறது?" எங்கள் தெருவுக்கு வரும் அக்கா யோசிக்காமல் பதில் சொன்னார்: முடிச்சுப் போட்ட பை. பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டும், நேரம் இருக்காது, அதனால் கிழிக்க வேண்டும், கிழித்தால் உள்ளே பிளேடு. தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் மகளும் கேட்டாள். "நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே, பிறகு எதற்கு?" நடக்கிறது, நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன், எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்டபோது கிடைத்த பதில் வேறு மாதிரி இருந்தது. தெருவில் ஐம்பது வீட்டில் ஐந்து வீடுதான் பிரித்துக் கொடுக்கிறது. அந்த ஐந்து வாளிக்காக ஒரு தொட்டியைத் தனியாக வைத்தால், மற்ற நாற்பத்தைந்து வீட்டுக் குப்பைக்கு இடம் போதாமல் வண்டி இரண்டு நடை போக வேண்டும். எத்தனை வீடு பிரித்துக் கொடுக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வண்டியிலும் பிரிந்து போகும். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே பிரித்துக் கொடுப்பதை வீட்டுக்காரரின் கடமை என்று சொல்லிவிட்டன. பிரித்துக் கொடுத்ததையும் கலக்கிறார்கள் என்றால், பெரியவர்களைக் கொண்டு வார்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டிக்காரரிடம் சண்டை போடுவதால் பயனில்லை.

சின்ன வண்டிகள் நிறைந்ததும் ஓரிடத்தில் கூடிப் பெரிய லாரியில் மாற்றும். அந்த லாரிக்குள் குப்பையை அழுத்தி நெருக்கும் இரும்புத் தகடு இருக்கும். உலர் காகிதமும் ஈரச் சோறும் சேர்ந்து அதற்குள் போனால் என்ன ஆகும் என்று நம் சாம்பார்த் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஈரக் குப்பையின் வழி

கிராமத்தில் விவசாயிகள் "வயலுக்குக் குப்பை அடிக்கிறோம்" என்பார்கள். முதன்முதலில் கேட்கும் நகரத்துப் பிள்ளை திகைத்துவிடும். வயலில் போய் ஏன் குப்பை கொட்டுகிறார்கள்? அவர்கள் சொல்லும் குப்பை என்பது எரு. மாட்டுச் சாணம், கூட்டிப் பெருக்கிய சருகு, அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் போட்டு மக்கவைத்து, மழைக்கு முன் வண்டியில் ஏற்றி வயலில் பரப்புவார்கள். அவர்களுக்குக் குப்பை என்பது சேர்த்து வைக்க வேண்டிய பொருள்.

நகரத்திலும் இதைத்தான் செய்ய முயல்கிறார்கள். சென்னை வார்டுகளில் ஆங்காங்கே சிறிய உரக்கூடங்கள் உண்டு. வரிசையாகத் தொட்டிகள் கட்டி, ஈரக் குப்பையைப் போட்டுக் கிளறி உரமாக்குகிறார்கள். சேத்துப்பட்டில் உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை இருக்கிறது. ஆனால் ஈரக் குப்பை வீட்டைவிட்டு வெளியே போகவே தேவையில்லை என்பது என் கட்சி. தொடங்க ஒரு வாளி போதும்.

பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்துக் கழுவுங்கள். அடியிலும் பக்கங்களிலும் பென்சில் நுழையும் அளவுக்கு இருபது துளைகள் வேண்டும். காய்ச்சிய கம்பியால் போடுவது பெரியவர்கள் வேலை. அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள். அதன்மேல் அன்றைய ஈரக் குப்பை, முடிந்தவரை சின்னதாக நறுக்கியது. அதற்கு மேல், ஒரு பிடி ஈரத்துக்கு இரண்டு பிடி சருகு என்ற கணக்கில் மூடிவிடுங்கள். முதல் நாள் மட்டும் ஒரு டம்ளர் புளித்த மோர் தெளியுங்கள். நுண்ணுயிர்களுக்கு அழைப்பிதழ் மாதிரி. எண்ணெய்க் குழம்பு, பால், மீன், இறைச்சி போட வேண்டாம், எலியும் பூனையும் வந்துவிடும். வாளியை மழை படாத நிழலில் வைத்து, வாரத்துக்கு இருமுறை ஒரு குச்சியால் அடிவரை கிளறுங்கள்.

ஐந்தாறு நாள் கழித்துக் கையுறையோடு நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். படுத்திருந்து எழுந்த கன்றுக்குட்டியின் வயிறுபோல வெதுவெதுப்பாக இருக்கும். யாரும் அடுப்பு மூட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் உங்கள் வெங்காயத் தோலைத் தின்று மூச்சு விடுகின்றன, அந்தச் சூடு அது. பெரிய உரக்குவியல்களில் இந்தச் சூடு 60 டிகிரி வரைகூட ஏறும்.

நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள், சருகு போட்டுக் கிளறுங்கள். எறும்பு வந்தால் மிகவும் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழு வந்தால் அலற வேண்டாம், அதுவும் வேலை செய்யத்தான் வந்திருக்கிறது. பார்க்கப் பிடிக்காவிட்டால் சருகை இன்னும் தடிமனாக மூடுங்கள். வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். 45 நாள் முதல் 60 நாளில் முதல் வாளி கறுப்பாக, உதிரியாக, முதல் மழை நனைத்த மண்போல மணக்கும். சலித்து ரோஜாச் செடிக்குப் போடுங்கள்.

கிளறுவதை மட்டும் மறக்காதீர்கள். கிளறினால் காற்று உள்ளே போகும். காற்று இல்லாவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் வந்து அமர்ந்து, எரியக்கூடிய மீத்தேன் வாயுவை உண்டாக்கும். மூடிய கலனில் அந்த வாயுவைப் பிடித்தால் அதுதான் சாண எரிவாயு, சேத்துப்பட்டு ஆலையும் அப்படித்தான். பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

நான்காம் படி: உலர் குப்பையின் வழி

"பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு வருகிறவரை உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். ஓட்டைக் குடத்தைக் கொடுத்தால் ஒரு கை பேரீச்சம்பழம் தருவார். மறுசுழற்சி என்ற சொல் புத்தகத்தில் வருவதற்கு முன்பே அது தெருவில் நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அந்த வேலையைக் காயலாங்கடைகளும் பழைய பேப்பர் கடைகளும் செய்கின்றன. மாநகராட்சி வண்டியில் போகும் உலர் குப்பை, வளம் மீட்பு மையங்களில் வகை வகையாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்குப் போகிறது.

எந்தப் பொருளுக்கு மதிப்பு? இரும்பு, அலுமினியம் இரண்டையும் உருக்கி மீண்டும் மீண்டும் வார்க்கலாம். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பழைய டப்பாவை உருக்கிவிடலாம். கண்ணாடியும் அப்படியே. காகிதத்தைக் கூழாக்கலாம், ஒவ்வொரு முறையும் அதன் நார் சற்றுக் குட்டையாகும், அதனால் நோட்டுத் தாள் ஒருநாள் அட்டைப்பெட்டியாகும்.

பிளாஸ்டிக்கில்தான் சிக்கல். ஒரு தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். சிறிய முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். பலவகை பிளாஸ்டிக்குகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 1 தண்ணீர் பாட்டில், அதை உருக்கி நூலாக இழுத்துப் பனியன்கூட நெய்கிறார்கள். 2 ஷாம்பு பாட்டில். 4 பால் பாக்கெட் போன்ற உறைகள். 5 ஹோட்டல் சாம்பார் டப்பா. 6 தெர்மாகோல், பார்க்க மலைபோல் இருக்கும், தூக்கினால் எடை இருக்காது, அதனால் காயலாங்கடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் பத்துப் பொருளின் அடியைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் எதை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் எண்ணையே பார்க்கமாட்டார். நகத்தால் சுண்டிச் சத்தத்திலேயே வகை சொல்லிவிடுவார்.

இப்போது அந்தச் சிப்ஸ் பாக்கெட். அதை நடுவில் கத்தரித்துப் பாருங்கள். வெளியே பளபள படம், உள்ளே வெள்ளிபோன்ற மினுமினுப்பு. அது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. காற்றும் ஈரமும் உள்ளே போய்ச் சிப்ஸ் நமுத்துவிடாமல் இருக்க, பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருப்பதால்தான் அதை மறுபடி வேறொன்றாக ஆக்குவது மிகவும் கடினம். நம் சாம்பார்த் தாளின் கதைதான், ஆனால் இந்தக் கலவை தொழிற்சாலையிலேயே நடந்துவிடுகிறது. இவற்றில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. அங்கே வெப்பம் 1,400 டிகிரிக்கு மேல்.

பை, உறை போன்றவற்றுக்கு இன்னொரு வழியைக் கண்டவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். சாலை போடும் ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகி ஜல்லிக்குச் சட்டை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு தார் ஊற்றிச் சாலை போடலாம். இதற்காக அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஐந்தாம் படி: சிவப்பு டப்பா

பேட்டரி, காலாவதியான மாத்திரை, கொசுமருந்துக் குப்பி, பெயிண்ட் மிச்சம், குழல்விளக்கு. குழல்விளக்குக்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் நீங்கள் கிட்டப் போகாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். பழைய கைபேசியும் சார்ஜரும் மின்னணுக் கழிவு, வாங்கிய கடையிலேயே திரும்ப எடுப்பார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். டப்பா நிறைந்ததும் வண்டியில் வருகிறவரிடம் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லித் தனியாகக் கொடுங்கள். இதற்கு மேல் இதில் வேலை இல்லை.

ஆறாம் படி: எங்கும் போக முடியாதவை போகும் இடம்

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேருகிறது. பத்து டன் லாரி என்றால் ஐந்நூறு லாரி, தினமும். வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கும் தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கும் பல பத்தாண்டுகளாகப் போய்வந்தன. பெருங்குடிக் கிடங்கு 200 ஏக்கருக்கு மேல். அதை ஒட்டியிருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். நாரையும் பூநாரையும் வந்து இறங்கும் அந்த இடத்துக்கு, முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சார் என்ற உலக அங்கீகாரம் 2022-இல் கிடைத்தது. அதே 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் பக்கத்துக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது.

குப்பை எப்படித் தானாகத் தீப்பிடிக்கும்? உங்கள் உர வாளியைக் கிளறாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொன்னேனே, அதை இருபது, முப்பது அடி உயரத்துக்குக் கற்பனை செய்யுங்கள். மலையின் வயிற்றுக்குள் காற்று கிடையாது. வீடுகளிலிருந்து வந்த சோறும் தோலும் அங்கே அழுகி மீத்தேனாகின்றன. மேலே கோடை வெயில், எங்கோ ஒரு பொறி, சுற்றிலும் பிளாஸ்டிக். மழைக்காலத்தில் வேறு தொல்லை: குப்பைக்குள் இறங்கிய தண்ணீர் கறுப்புச் சாறாகக் கசிந்து நிலத்தடி நீரில் சேரும். ஈரக் குப்பை மட்டும் அங்கே போகாமல் இருந்தால் வாயுவும் சாறும் இவ்வளவு இருக்காது.

பழைய மலையைக் கரைக்க இப்போது தோண்டிச் சலிக்கிறார்கள். வீட்டில் மாவு சலிப்பதுபோலத்தான், ஆனால் சல்லடை ஒரு பஸ் நீளத்துக்கு உருளையாகச் சுழலும். மண் தனியே விழும், கல் தனியே, துணியும் பிளாஸ்டிக்கும் தனியே. வீட்டில் கையிலிருந்து விடும் முன் பத்து நொடியில் பிரித்திருக்கக்கூடியதை, பல ஆண்டு கழித்து இயந்திரம் வைத்துப் பிரிக்கிறார்கள்.

தீ வைத்து ஒழித்துவிடலாமே என்று யாராவது சொன்னால், 2018 போகியை நினைவூட்டுங்கள். அன்று காலை சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போனது.

கடைசி வேலை: புதைத்துப் பார்ப்பது

குறைவாகக் குப்பை போடுவதற்கு வழிகள் உங்களுக்கே தெரியும். கடைக்கு மஞ்சப்பை, பள்ளிக்கு எவர்சில்வர் டப்பா. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு, ஆனாலும் கடைகளில் பை தொங்குவதைப் பார்க்கிறோம். அதைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. அதற்குப் பதில் ஒரு பூந்தொட்டி எடுங்கள்.

அதில் பாதி மண் நிரப்பி, உள்ளங்கை அளவில் நான்கு துண்டுகளை அருகருகே வையுங்கள்: வாழைப்பழத் தோல், செய்தித்தாள், பழைய பருத்தித் துணி, சிப்ஸ் பாக்கெட். சிப்ஸ் பாக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கும் பகுதியாகப் பார்த்து வெட்டுங்கள். மேலே மண்ணைப் போட்டு, தேதியைத் தொட்டியிலேயே எழுதி, வாரம் இருமுறை தண்ணீர் தெளியுங்கள். அறுபதாம் நாள் தோண்டுங்கள். நாங்கள் தோண்டியபோது வாழைத்தோலைத் தேடியும் கிடைக்கவில்லை. செய்தித்தாள் தொட்டவுடன் மண்ணாக உதிர்ந்தது. துணியில் நாலைந்து ஓட்டை, ஒரு ஓட்டை வழியாக மண்புழு எட்டிப் பார்த்தது. சிப்ஸ் பாக்கெட்டை என் அண்ணன் மகள் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பிடித்தாள். பத்து ரூபாய், எல்லா வரிகளும் உட்பட.